புள்ளி வைத்த எலுமிச்சை

ஆனி பிறந்த நாலாம் நாள் சாரல் இறங்கியது. செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த காற்று, முகவரி தொலைத்த விருந்தாளியைப் போலத் தென்காசித் தெருக்களில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. அன்றைக்குத்தான் உமாராணி, எட்டு மாதத்துக்குப் பிறகு, புருஷனிடம் வாய் திறந்து ஒரு பொருள் கேட்டாள்.

"ஏங்க, சாயங்காலம் வரும்போது நூறு எலுமிச்சம்பழம் கொண்டாங்க."

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த சிவசுப்பிரமணியன் கையை நிறுத்தினார்.

"நூறா?"

"எண்ணி நூறு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

"ஊறுகாய் போடப் போறியாட்டி?"

"ஆமா."

அது பொய். ஆனால் அவருக்கு அதை ஆராயத் தோன்றவில்லை. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

இருபத்தாறு வருடமாகப் புளியங்குடியில் ஒரு எலுமிச்சைக் கமிஷன் கடையில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை. விவசாயிகள் கொண்டுவரும் சாக்குகளைத் தரையில் கொட்டுவார்கள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அள்ளுவார். ஒரு பழம் உள்ளங்கையில் இருப்பது கண்ணிமைக்கும் நேரந்தான். அதற்குள் அது பெரிய காயா, சின்னக் காயா, கேரளாவுக்குப் போகிற சரக்கா, உள்ளூர் ஓட்டலோடு நிற்கிற சரக்கா என்று தீர்மானமாகிவிடும். தோலில் புள்ளி இருந்தாலோ, அழுத்தினால் மெத்தென்று மெதுவாக இருந்தாலோ பின்பக்கம் இருக்கிற கழிவுக் கூடைக்குப் போய்விடும். இத்தனையும் நடக்கும்போது அவர் வாய் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும். "கண்ணு எதுக்கு? கை பாத்துக்கிடும்" என்பார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தென்காசி வந்து இறங்கும்போது தங்கள் சட்டையை ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்வார்கள்.

உமாராணிக்கு நாற்பத்தேழு வயது. போன ஐப்பசியில் வலது மார்பில் புற்றுக்கட்டி என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அந்த மார்பையே எடுத்தார்கள். பிறகு நாலு மாதம் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி மொத்தமும் போனது. அதற்குப் பிறகு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். சித்திரைக் கடைசியில் டாக்டரம்மா, "வைத்தியம் முடிஞ்சது, ஆனி இருபத்தஞ்சாம் தேதி, புதன்கிழமை, செக்கப்புக்கு வாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டுப் போனது.

வைத்தியம் நடந்தவரைக்கும் அவளுக்குப் பயமில்லை. போக ஓரிடம் இருந்தது, செய்ய ஒரு காரியம் இருந்தது. எல்லாம் முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்தபோதுதான் அந்த நம்பர் அவளைப் பிடித்துக்கொண்டது. கரண்ட் அறைக்கு வெளியே காத்திருந்த ஒருநாள், சீட்டில் இருந்த நோயின் பெயரைப் பார்த்துப் பார்த்து செல்போனில் தட்டியிருந்தாள். ஐந்து வருடம் கழித்து நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அது சொன்னது. எழுபத்திரண்டை அவள் படித்த கையோடு மறந்துவிட்டாள். மிச்சம் இருபத்தெட்டு அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

அதிலிருந்து எங்கே பார்த்தாலும் எண்ணிக்கைதான். டவுன் பஸ்ஸில் அறுபது பேர் இருந்தால் பதினேழு. ரேஷன் கடை வரிசையில் இருபத்தைந்து பேர் நின்றால் ஏழு. கோயில் வாசலில் எதிர்க்காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறபோதும் வருகிறவர் போகிறவரை எண்ணிக்கொண்டு நின்றாள். செக்கப்புக்குப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள். அஸ்ஸாமில் ராணுவத்தில் இருக்கிற மகன் முத்துச்செல்வம் வீடியோவில் கூப்பிட்டு, "எம்மா, புதன்கிழமை போயிருவல்லா?" என்று கேட்கும்போதெல்லாம், "சாப்டியாலே?" என்று பேச்சை மாற்றினாள்.

போனால்தானே நோய் இன்னும் இருக்கிறது என்று சொல்லுவார்கள்? போகாவிட்டால் யார் சொல்ல முடியும்?

சாயங்காலம் சிவசுப்பிரமணியன் சணல் சாக்கோடு நனைந்து வந்தார். முதல் தரத்திலும் முதல் தரமாகப் பார்த்து எடுத்திருந்தார். உமாராணி பட்டாசல் கூடத்தில் டிவிக்குக் கீழே சாக்கை விரித்து, வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கினாள். ஊறுகாய்க்கு யாராவது பழத்தைப் பரேடுக்கு நிறுத்துவார்களா என்று அவர் கேட்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து ஒரு வேலை செய்கிறாள், அது போதும் என்று காப்பி போடப் போய்விட்டார். அவர் அடுப்படியில் இருந்தபோது அவள் ஆறாவது வரிசையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, காம்புக்குக் கீழே நீலப் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள்.

இதுதான் நான்.

இருபத்துநாலாம் தேதி வரைக்கும் இந்தப் பழம் கெடாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது. கெட்டுவிட்டால் இல்லை. இதுதான் அவள் தனக்குத்தானே போட்ட ஒப்பந்தம்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி வந்தாள். தையல்காரி. ஆபரேஷனுக்குப் பிறகு இலவம்பஞ்சை அடைத்து, உள்பாடிக்குள் வைத்துக்கொள்ள அளவெடுத்து ஒரு பஞ்சுப்பொதி தைத்துக் கொடுத்தவள் அவள்தான். முதல்முறை போட்டுப் பார்த்தபோது, "அல்லா தந்ததவிட நான் தந்தது எடுப்பா இருக்குட்டி" என்று தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

"இது என்ன உமா, சர்பத் கடை போடப் போறியா?"

உமாராணி சொன்னாள். புள்ளியை மட்டும் சொல்லவில்லை. இதில் ஒன்று நான், எது என்று சொல்லமாட்டேன், எத்தனை நிற்கிறது, எத்தனை போகிறது என்று பார்க்கப் போகிறேன் என்றாள். அந்தச் செய்தியை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னாள்.

ஜாஹிரா பழங்களைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள்.

"இதுல நான் எது?"

"நீ இதுல இல்லக்கா."

"ஏன், எனக்கு மவுத்து வராதோ? சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. எனக்கும் ஒரு பழத்தப் போடு."

"வெளையாடாதீய."

"நீதான பச்சப்புள்ள மாதிரி வெளையாடுத. தலையில முடி இப்பத்தான் சுருட்ட சுருட்டயா வருது, பாக்க அழகா இருக்கேன்னு நெனச்சேன். உள்ள மூள இன்னும் மொளைக்கல போல."

மூன்றாம் நாள் இரண்டு பழங்களில் பச்சைப் பூஞ்சை பூத்துவிட்டது. சாரல் காலத்தில் தென்காசியில் சப்பாத்திக் கட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். உமாராணி அன்றைக்குச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் தட்டில் இருக்க, கையை உதறிவிட்டு எழுந்துபோனாள். சிவசுப்பிரமணியனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. பழம் கெட்டால் இவள் சாப்பிட மாட்டாள்.

அதற்குமேல் யோசிக்க அவருக்கு ஒன்றுமில்லை. கெட்ட பழத்தைக் குவியலில் விட்டுவைத்துப் பழக்கப்பட்ட கை இல்லை அது. மறுநாளிலிருந்து, காலையில் அவள் குளிக்கப் போனதும், கையை அந்த நூறு பழங்களின் மீதும் ஒருமுறை ஓடவிடுவார். மெதுவானது, தோல் சுருங்கியது, நிறம் மங்கியது எல்லாம் வெளியே வந்துவிடும். சட்டைப்பையில் புளியங்குடியிலிருந்து கொண்டுவந்த புதுப் பழங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எடுத்ததைக் குப்பையில் போட மனம் வராது. மதில்மேல் கையை நீட்டுவார்.

"ஜாஹிரா, இதுல கெட்டத வெட்டி எறிஞ்சிட்டு நல்லதப் புழிஞ்சுக்கோ."

"என்ன அண்ணாச்சி, தெனமும் நாலஞ்சு வருது?"

"அவளுக்குச் சொல்லிராத. பழம் கெட்டா அவ முகம் வாடிப் போவுது."

ஜாஹிராவுக்கு இப்போது இரண்டு பேர் ரகசியமும் தெரியும். ஒருவர் ரகசியத்தை மற்றவரிடம் சொல்லாமல் இருப்பது அவளுக்கு நோன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. தாங்க முடியாதபோது தையல் மிஷினை வேகமாக மிதித்தாள். அந்த இரண்டு வாரத்தில் நாலு பாவாடை கூடுதலாகத் தைத்தாள்.

பட்டாசலில் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் ஆனது, பதினைந்து நாள் ஆனது, நூறு பழமும் பொன்னாக மினுங்கின. உமாராணி தினமும் புள்ளி வைத்த பழத்தை எடுத்து மோந்து பார்த்து வைத்தாள். தரம் பிரிக்கிறவன் பெண்டாட்டி அவள். ஈரக்காற்றில் எலுமிச்சை எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாதவள் அல்ல. பூஞ்சை பூத்த இரண்டும் மறுநாளே எப்படித் தெளிந்தன என்றும் கேட்டிருக்கலாம். ஆனாலும் சில விஷயங்களைத் தெரியாமல் வைத்துக்கொள்ள மனசு வழி கண்டுபிடித்துவிடும். இரண்டு வேளை சாப்பிட்டாள். ஒருநாள் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி, ஜாஹிராவுக்கும் கொடுத்துவிட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை, மத்தியானம் ஜாஹிரா ஒரு பெரிய தம்ளர் நிறைய உப்புப் போட்ட எலுமிச்சைச் சர்பத் கொண்டுவந்தாள். மருந்து ஏற்றியதிலிருந்து எதைத் தின்றாலும் உமாராணிக்கு நாக்கில் இரும்பு ருசிதான். எலுமிச்சை மட்டுந்தான் எலுமிச்சையாகத் தெரியும். தம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "என்னக்கா இது, தேவாமிர்தமா இருக்கு" என்றாள்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஆறாவது வரிசைக்குக் குனிந்தாள். பழத்தை எடுத்தாள். புள்ளி இல்லை. பக்கத்துப் பழத்தை எடுத்தாள். இல்லை. வரிசையைக் கலைத்தாள். பத்து வரிசையும் கலைந்து, பழங்கள் கட்டிலுக்குக் கீழே உருண்டன. சிவசுப்பிரமணியன் வேலை முடிந்து படியேறி வந்தபோது அவள் தரையில் நாலாபக்கமும் பழங்கள் சூழ உட்கார்ந்திருந்தாள்.

"என் பழம் எங்க?"

"எந்தப் பழம்?"

"காம்புக்குக் கீழ புள்ளி உள்ள பழம்!"

அவர் செருப்பைக் கழற்றாமலே யோசித்தார். "ஓ, அதுவா? கரும்புள்ளி விழுந்த காய்லா அது? காலையிலதான் கண்ணுல பட்டுச்சு, கழிச்சேன்."

"கழிச்சியளா?"

"வெரல வச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல. புள்ளி விழுந்த காய வச்சிருந்தா பக்கத்துக் காயும் போயிருமேன்னு..."

"அது பேனாப் புள்ளி! நான் வச்ச புள்ளி!"

அப்போதுதான் அவருக்குப் புரியத் தொடங்கியது. பாதிதான். மீதியை அவள் கத்திக்கொண்டே சொன்னாள். நம்பர், இருபத்தெட்டு, செக்கப், ஒப்பந்தம் எல்லாம் சொன்னாள். எட்டு மாதமாக அவள் வாயிலிருந்து வந்த மொத்த வார்த்தையைவிட அந்த ஐந்து நிமிடத்தில் வந்தது அதிகம்.

"அப்ப இத்தன நாளா பழத்த மாத்தி மாத்தி வச்சிய. நூத்துக்கு நூறும் நிக்குதேன்னு நானும் பேக்கு மாதிரி நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

"எனக்கு என்னட்டி தெரியும்? நீ ஊறுகாய்னு சொன்ன."

"நல்ல பழத்த எடுத்து எறிஞ்சிட்டியளே! அழுவிப் போயிருந்தாக்கூட சரின்னு இருப்பேன். நல்லா இருந்த பழத்த... எங்க எறிஞ்சிய? குப்பையிலயா? எடுத்துட்டு வாங்க!"

"குப்பையில எங்க எறிஞ்சேன்? ஜாஹிராகிட்டல்லா குடுத்தேன்."

சத்தம் கேட்டு ஜாஹிரா ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏக்கா, புள்ளி வச்ச பழம் எங்க?"

ஜாஹிரா படியேறி உள்ளே வந்தாள்.

"நீதான குடிச்ச" என்றாள்.

கையில் இருந்த பழத்தை உமாராணி கீழே வைத்தாள்.

"மத்தியானம். ஒரு தம்ளரு. தேவாமிர்தம்னு சொன்னியே."

உமாராணி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஜாஹிராவைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துச் சிவசுப்பிரமணியன் ஓரடி முன்னால் வந்தார். அவள் சிரித்துவிட்டாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு உடம்பே குலுங்க ஆரம்பித்தது. தையல் போட்ட இடம் இழுத்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்கு... ஐயோ" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். "என்னய நானே குடிச்சிட்டனே!" ஜாஹிராவுக்கும் அடக்கி வைத்திருந்த இரண்டு வாரச் சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிவசுப்பிரமணியன் மட்டும் இன்னும் கழற்றாத செருப்போடு, எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் நின்றார்.

சிரித்து ஓய்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட உமாராணி தணிந்த குரலில் கேட்டாள்.

"உள்ள எப்பிடிக்கா இருந்துச்சு?"

"எது?"

"பழம்."

ஜாஹிரா விளையாட்டை விட்டுவிட்டாள். "நல்லா இருந்துச்சு உமா. அண்ணாச்சி எதுக்கு இதக் கழிச்சாவன்னு நானே நெனச்சேன். ஒரு பழத்துச் சாறே ஒரு தம்ளருக்குப் போதுமா இருந்துச்சு."

சிவசுப்பிரமணியன் கீழே உட்கார்ந்து பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். கை வேலையில் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"ஏட்டி, நம்ம சந்தையில கொட்டுன ஒடனே யாவாரி வருவான். இந்தக் குவியல்ல நூத்துக்கு எவ்வளவு கழியும்னு கேப்பான். நானும் சொல்லுவேன், பத்து கழியும், இருவது கழியும்னு. அநேகமா சரியாத்தான் இருக்கும். ஆனா எந்தப் பழம்னு கேட்டா சொல்லத் தெரியாது. அத ஒண்ணொண்ணா கையில எடுத்துத்தான் பாக்கணும்."

"அதுக்கு?"

"டாக்டரு கையில எடுத்துப் பாக்கேன்னு கூப்புடுதாவ. நீ குவியல் நம்பரப் புடிச்சிக்கிட்டு வர மாட்டேங்குத. யாரும் கை வைக்காத குவியல்தான் சாரல்ல மொதல்ல போவும்."

"நல்ல பழத்தக் கழிச்ச ஆளு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாவ."

"இருவத்தாறு வருசத்துல ஒரு பழம் தப்பாக் கழிச்சிருக்கேன். அதுவும் நீ பேனா வச்சதால."

"பேனாப் புள்ளி எது, நோய்ப் புள்ளி எதுன்னு தெரியாத கைய வச்சிக்கிட்டு..." என்று சொல்ல வந்தவள் நிறுத்தினாள். அந்தக் கையைப் பார்த்தாள். எலுமிச்சை எண்ணெய் ஏறி ஏறி, விரல் நுனிகள் வெடித்து, மஞ்சள் பாரித்திருந்தன. பதினைந்து நாள், தினமும் விடிந்ததும், எது அவள் என்று தெரியாததால் நூற்றையும் காப்பாற்றிக்கொண்டிருந்த கை.

"புதன்கெழம லீவு சொல்லிருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து நூறு பழத்தையும் நறுக்கி உப்பில் போட்டார்கள். உமாராணிக்கு வலது கையை அதிகம் அசைக்கக் கூடாது என்பதால் மேற்பார்வை மட்டும். "உப்பு பத்தாது", "இன்னும் சின்னதா நறுக்குங்க" என்று அவள் போட்ட அதிகாரத்தில் ஜாஹிரா, "நோயாளியா இருந்தப்பவே நல்லா இருந்தா இவ" என்றாள்.

புதன்கிழமை திருநெல்வேலியில் ஸ்கேன், இரத்தம் எல்லாம் முடிந்து டாக்டரம்மா அறைக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. காத்திருந்த வராண்டாவில் நாற்பத்து மூன்று பேர். பன்னிரண்டு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். டாக்டரம்மா கையால் தொட்டுப் பார்த்தாள், அக்குளில் அழுத்திப் பார்த்தாள், படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

உமாராணி எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, நூத்துக்கு எழுபத்திரண்டுன்னு போன்ல போட்டிருக்கு. நான் அதுல இருக்கனா, மிச்சத்துல இருக்கனா?"

டாக்டரம்மா பேனாவை வைத்தாள். "அது எப்ப எடுத்த கணக்கும்மா? பல வருஷத்துக்கு முன்னால வைத்தியம் பார்த்தவங்கள வச்சு எழுதியிருப்பாங்க. அவங்க வயசு வேற, கட்டி வேற, மருந்து வேற. அந்த நூறு பேர்ல நீங்க கிடையாது."

"அப்ப எனக்கு எவ்வளவு?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது. அதனாலதான் வந்து வந்து காட்டச் சொல்றேன்."

"குவியல் நம்பர்" என்று சிவசுப்பிரமணியன் பின்னாலிருந்து முணுமுணுத்தார். உமாராணி அவர் காலை மிதித்தாள். ஆனால் அந்தத் 'தெரியாது' அவளுக்குப் பிடித்திருந்தது. எழுபத்திரண்டிலும் இருபத்தெட்டிலும் இல்லாத இடம் அதில் இருந்தது.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "அருவில குளிக்கலாமா?"

"குளிங்க. அந்தக் கைப்பக்கம் தண்ணி நேரா அடிக்காமப் பார்த்துக்கோங்க. வழுக்கி விழுந்துடாதீங்க."

தென்காசியில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. ஜாஹிராவுக்குப் போன் போட்டு மாற்றுத் துணியோடு வரச்சொல்லி, மூன்று பேரும் குற்றாலம் டவுன் பஸ் ஏறினார்கள். சாரல் ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் கிண்ணத்தோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மிளகாய் பஜ்ஜி வாசனை ஈரத்தில் தெருவை விட்டுப் போகாமல் நின்றது. மெயினருவி பொங்கிக்கொண்டு விழுந்தது. பெண்கள் பக்கம் இடுக்கில்லாத கூட்டம்.

உமாராணி மறைவாகப் போய்ப் பஞ்சுப்பொதியை எடுத்து ஒரு மஞ்சப்பையில் சுருட்டிப் புருஷனிடம் கொடுத்தாள். ஜாஹிரா அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கட்டில் நின்றபோது பழக்கம் வந்துவிட்டது. அருவிக்கடியில் நிற்கிற தலைகளை அவள் எண்ணத் தொடங்கினாள். கொண்டை போட்டவள் ஒன்று, சிவப்புச் சுடிதார் இரண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தவள் மூன்று. பத்தொன்பது வரை வந்தாள். பின்னாலிருந்து யாரோ, "நின்னுக்கிட்டே கெடக்கீயளே, உள்ள போங்கக்கா" என்று தள்ளினார்கள். தலைமேல் மலை விழுந்தது. மூச்சு நின்று திரும்பி வந்தது. இடது தோளைக் கொடுத்து நின்றாள். சுருட்டை முடிக்குள் தண்ணீர் புகுந்து காதுக்குள் இரைந்தது. பக்கத்தில் யார் யார், எத்தனை பேர் என்று எதுவும் தெரியவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவளும் கத்தினாள்.

பெண் போலீஸ் இரண்டு முறை விசில் ஊதிய பிறகுதான் வெளியே வந்தாள்.

சிவசுப்பிரமணியன் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். மங்குஸ்தான் விற்கிறவனோடு எதையோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வலது கை மஞ்சப்பைக்குள் இருந்தது. கட்டை விரல் பஞ்சுப்பொதியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

"போதுமாட்டி?" என்றார் அவளைப் பார்த்ததும்.

"போதாது. இன்னொரு தடவ போயிட்டு வாரோம்."

திரும்பி நாலடி வைத்தவள் நின்று, தண்ணீர் சொட்டச் சொட்ட மஞ்சப்பையைக் காட்டிச் சொன்னாள்.

"அதப் பத்திரமா வச்சிருங்க. மெதுவா இருக்குன்னு கழிச்சிராதிய."